இசைவாணர்க்குக் கணிப்பொறி பகையா?

பொன் விளைந்த பூமி என்று ஊரார் போற்றிய கோலார் தங்கவயலில் இன்று பல வீடுகளில் ஒரு வழக்கு நடைபெறுகிறது. மிருதங்கமோ வயலினோ கீபோர்டோ பயின்று, அதையே வாழ்வாகக் கொள்ள விரும்பும் பிள்ளை ஒருபுறம், "பாட்டு வயிற்றை நிரப்புமா? அதை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் படி, பெங்களூரில் ஒரு வேலையில் போய்ச் சேர்" என்று அடித்துக் கூறும் பெற்றோர் மறுபுறம். நடுவராக அழைக்கப்படும் இசையாசிரியரோ, "கம்ப்யூட்டரைத் தொட்ட கையில் நாதம் தங்காது, ஐயா" என்று தம் பங்குக்கு ஒரு தீர்ப்பை வழங்கிவிட்டு எழுந்து போகிறார். பெற்றோரும் ஆசிரியரும் எதிரெதிர் நிற்பவர்போல் தோன்றினும் ஒரு கருத்தில் கைகோத்து நிற்கின்றனர். இசையும் கணிப்பொறியும் ஓர் உறையில் இடப்பட்ட இரு வாள்கள் என்பதே அக்கருத்து. அது பிழை என்பது நம் கட்சி.

நம் கட்சியை முதற்கண் வெளிப்படையாகவே கூறிவிடுகிறோம். இசையைத் தொழிலாக ஏற்கத் துணிந்த பிள்ளை, கணிப்பொறிக்கு நிரல் எழுதும் கலையை ஓய்வுநேர விருப்பக் கலையாகப் பயில வேண்டும். இசை தொழில், நிரல் அதற்குத் துணை. இதனைத் தலைகீழாக்கி, ஆறு நாள் கணிப்பொறிக்கும் ஏழாம் நாள் இசைக்கும் என்று பிள்ளையின் வாழ்வைக் கூறுபோடுவது நமக்கு உடன்பாடன்று. ஏழாம் நாள் மட்டும் தொடப்படும் மிருதங்கம் எட்டாம் ஆண்டில் பரணுக்குப் போய்விடும் என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

பெற்றோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. அந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே கால் பதித்தபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்தவர்களே நம் முன்னோர். லைன் வீடுகளில் ஒண்டிக் குடியிருந்து, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை பாறையைக் குடைந்து சென்றவர்கள் அவர்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இங்கே வந்தபோது இவ்வூர் நாட்டிற்கே வியப்பாக விளங்கியது. அத்தகைய ஊரில், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றாண்டு கடந்த ஒரு வாழ்வு ஒரே நாளில் முடிவுக்கு வந்தது. அதன்பின் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து பெங்களூரில் உழைத்து, இரவில் வீடு திரும்புவது நம் குடும்பங்கள் பலவற்றின் நாள்வழக்கம் ஆயிற்று. உறுதியான சம்பளம் என்ற சொல்லுக்கு நம்மவர் செவியில் உள்ள இனிமை எந்த இராகத்திற்கும் இல்லை என்றால், அதில் வியப்பென்ன?

ஆயினும் அதே வரலாறு மற்றொரு பாடத்தையும் புகட்டுகிறது. நம் முன்னோர் பொன்னைத் தோண்டினர்; பொன்னுக்குரிய கணக்கைத் தோண்டினரா? எந்தத் திசையில் குடைவது, எத்தனை அடியில் தாங்குதூண் நிறுத்துவது, எந்தக் கல்லில் எவ்வளவு பொன் என்னும் கணக்கெல்லாம் நெடுங்காலம் துரைமார்களின் மேசைமீதே இருந்தன. உளி நம் கையில். வரைபடம் பிறர் கையில். கணக்கு கைக்கு வராதவன் எத்துணைத் திறமை உடையவனாயினும் கூலியாகவே நிற்பான் என்பதற்கு நம் ஊரைவிடச் சான்று வேண்டுமோ? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

இன்றைய இசைத்தொழிலை எண்ணிப் பாருங்கள். ஒலிப்பதிவு கணிப்பொறியில், சுருதியும் தாளமும் கைப்பேசியில், பாடம் நடத்துவது திரையின் வழியே, பாட்டு மக்களைச் சென்றடைவதும் அவ்வாறே. இக்கருவிகள் அனைத்தும் எவரோ எழுதிய நிரல்கள். அவற்றின் உள்ளே நடப்பது இன்னதென ஒன்றும் அறியாமல், பிறர் அமைத்த பொத்தானை மட்டும் அழுத்தும் இசைவாணன், பிறர் வரைபடத்தின்படி குடைந்து சென்ற நம் பாட்டனின் நிலைக்கு மீண்டும் இறங்குகிறான். நம் பிள்ளைகளை இன்னொரு சுரங்கத்திற்குள் இறக்கிவிடாதீர்கள் என்பதே நம் முறையீடு.

"இசைக்கும் கணக்கிற்கும் என்ன உறவு?" என்று கேட்கும் ஆசிரியப் பெருந்தகைக்கு நாம் பணிவுடன் ஒன்று கூறுவோம். தாங்கள் நாள்தோறும் கற்பிப்பது கணக்கல்லவா? எழுபத்திரண்டு மேளகர்த்தாக்கள் எங்கிருந்து வந்தன? ரிஷபமும் காந்தாரமும் நிற்கத்தக்க இடங்கள் நான்கு. அவற்றுள் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் ஆறு. தைவத நிஷாதங்களுக்கும் அவ்வாறே ஆறு. மத்திமம் இரண்டு. ஆறு, ஆறு, இரண்டு ஆகியவற்றைப் பெருக்கினால் எழுபத்திரண்டு. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி இதைக் கணக்கிட்டு நிறுவியபோது, அவற்றுள் பல மேளங்கள் எவராலும் பாடப்படாதவை. கணக்கு முன்னே சென்று வழி காட்டியது. இசை பின்னே சென்று அதில் குடியேறியது. இன்று கணிப்பொறி பயிலும் சிறுவன் ஒருவன், ஒன்றினுள் ஒன்றாக மூன்று சுழற்சிகளை எழுதி இந்த எழுபத்திரண்டையும் கண்ணிமைக்கும் நேரத்தில் வரிசையிட்டுவிடுவான். அவன் செய்வது வேங்கடமகியின் வேலையே.

கடபயாதி என்னும் எழுத்துக்கணக்கும் அத்தகையதே. வடமொழி எழுத்துகளுக்கு எண் கொடுத்து, இராகப் பெயரின் முதல் ஈரெழுத்தைத் திருப்பிப் படித்தால் மேளத்தின் எண் கிடைக்கும். தீரசங்கராபரணத்தில் முதலெழுத்து ஒன்பது, அடுத்தது இரண்டு, திருப்பினால் இருபத்தொன்பது. மாயாமாளவகௌளையில் ஐந்தும் ஒன்றும், திருப்பினால் பதினைந்து. பெயருக்குள்ளேயே முகவரியைப் பொதிந்து வைக்கும் இவ்வித்தையைக் கணிப்பொறியாளர் இன்று புதிது என்று படிக்கின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ஏழு சுரங்களையும் ஒவ்வொன்றும் ஒருமுறை வருமாறு மாற்றி மாற்றி அடுக்கினால் 5040 வரிசைகள் உண்டாகும். அவற்றுள் இத்தனையாவது வரிசை எது என்றும், இந்த வரிசை எத்தனையாவது என்றும், பட்டியல் முழுவதையும் எழுதாமலே கண்டுபிடிக்கும் வழிகளை அந்நூல் வகுத்துத் தருகிறது. நிரல் என்பது இதுவன்றி வேறென்ன?

தமிழிசைக்கு உழைத்த பெரியோர்களும் இவ்வழியினரே. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தொழிலால் சித்த மருத்துவர். 1917இல் அவர் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் சுருதிக் கணக்குகளால் நிரம்பி வழிகிறது. மட்டக்களப்பு மண்ணில் தோன்றிய விபுலாநந்த அடிகள் அறிவியல் பயின்று பட்டம் பெற்றவர். மறைந்துபோன யாழின் நரம்புகளை எண்களால் மீட்டெடுத்து அவர் எழுதிய யாழ்நூல் 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வெளிவந்தது. கணக்கறிவு அடிகளாரின் இசையறிவைக் கெடுத்ததா, கூர்மையாக்கியதா? விடையை அந்நூலே கூறும்.

கடலுக்கு அப்பாலும் இதே செய்திதான். கணிப்பொறி என்னும் பொருளே உருவாகாத 1843ஆம் ஆண்டில், சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பொறியைப் பற்றி எழுதிய ஏடா லவ்லேஸ் அம்மையார், ஒலிகளின் உறவை முறைப்படி எழுதிக் கொடுத்தால் அப்பொறி இசையையும் அமைக்கக்கூடும் என்று குறிப்பிட்டார். நிரல் என்னும் சிந்தனை பிறந்த பொழுதே இசையும் அதன் அருகில் நின்றது என்பதற்கு இது சான்று.

நூலறிவு இருக்கட்டும், வீட்டுத் திண்ணைக்கு வருவோம். மிருதங்கம் பயிலும் பிள்ளை ஒரு கோர்வை அமைக்க முற்படுகிறான். ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தம். அட்சரத்திற்கு நான்கு என்று கொண்டால் மொத்தம் 64 மாத்திரை. ஒரே சொற்கட்டு மூன்று முறை வரவேண்டும். இடையே இரண்டு இடைவெளிகள் சமமாக அமையவேண்டும். சமத்தில் எடுத்துச் சமத்தில் முடிக்க எத்தனை வழி? சொற்கட்டு 20 மாத்திரையாயின் இடைவெளி 2. 18 ஆயின் 5. 16 ஆயின் 8. 14 ஆயின் 11. இப்படியே தேடினால் இடைவெளியோடு கூடிய வழிகள் பத்து. ஏழெட்டு வரி நிரல் இந்தப் பத்தையும் நொடியில் காட்டும். ஆதி தாளத்தை விட்டுக் கண்ட சாபுவிற்கு மாற்று, மிச்ர நடைக்கு மாற்று என்றாலும் எண்ணை மாற்றினால் போதும்.

பத்தில் எது அழகு என்று பொறி சொல்லுமா என்றால், சொல்லாது. பத்தையும் வாசித்துப் பார்த்து, ஏழைத் தள்ளி, மூன்றைக் கொள்வது பிள்ளையின் கையும் செவியும். இங்கேதான் இசையும் நிரலும் ஒன்றுக்கொன்று துணையாகும் இடம் நமக்குப் புலப்படுகிறது. தேடும் உழைப்பைப் பொறி ஏற்கிறது. தேரும் உரிமை கலைஞனிடமே நிற்கிறது. விடைகளை மட்டும் மனப்பாடம் செய்த மாணவனுக்கு இவ்வுரிமை வாய்ப்பதில்லை. ஆசிரியர் கொடுத்த மூன்று கோர்வைகளோடு அவன் காலம் முடிந்துவிடுகிறது.

மேடைக்குழுவில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும். ஒரு கட்டையில் அமைந்த பாட்டைப் பாடகி ஐந்து கட்டையில் கேட்கிறார். நூற்றுக்கணக்கான பாட்டுகளின் கார்டுகளையும் இரவெல்லாம் கையால் மாற்றி எழுதுவோர் இன்றும் உளர். பன்னிரண்டு சுரத்தானங்களும் கடிகார முகம்போல் வட்டமாக அமைந்தவை என்று அறிந்தவன், கூட்டலும் மீதியும் கொண்டு சிறு நிரல் ஒன்றால் அத்தனையையும் மாற்றிவிடுவான். மிச்சப்பட்ட இரவு அவன் சாதகத்திற்கு ஆகும்.

இவற்றினும் பெரிய பயன் ஒன்று உண்டு. எம். சுப்பிரமணியன் என்னும் இசை ஆய்வாளர், கருநாடக இசையின் சுரக்குறிப்பைத் தட்டெழுதினால் வாசித்துக் காட்டும் 'காயகா' என்ற நிரலை உருவாக்கினார். நம் சுரக்குறிப்பை உள்ளபடியே கணிப்பொறியிடம் கொடுத்தால் அது மரப்பாவை போல் ஒப்பிக்கும். ஏனெனில் நம் இசையின் உயிராகிய கமகம் ஏட்டில் எழுதப்படுவதில்லை. ஆசிரியர் தொண்டையிலிருந்து மாணவர் தொண்டைக்குப் போகிறது. ஆகவே, எந்தச் சுரம் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எவ்வளவு நேரம் அசைகிறது என்று தனியே எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எண்ணிப் பாருங்கள்: தோடியின் காந்தாரத்தைப் பத்தாண்டு பாடியவர்கூட, அது எவ்வாறு அசைகிறது என்று கேட்டால் "இப்படித்தான்" என்று பாடிக் காட்டுவாரேயன்றிச் சொல்லில் கூறமாட்டார். கணிப்பொறியோ "இப்படித்தான்" என்பதை ஏற்காத முரட்டு மாணவன். அவனுக்குக் கற்பிக்கப் புகுந்தவன், தான் அறிந்ததை முதன்முதலாகத் தானே அறிகிறான். இதைவிடச் சிறந்த இசைப்பயிற்சி யாது?

பொறியியலும் இசையும் ஒருவரிடத்தே கூடிய கதை நமக்கு அண்மையிலேயே உண்டு. பெங்களூரில் குழலிசைக் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ்நாராயண், 1970களின் இறுதியில் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். கச்சேரி செய்பவனின் தேவை கச்சேரி செய்பவனுக்கே தெரியும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. சென்னையில் ஏ.ஆர். ரகுமான் 1989இல் தம் இல்லத்தோடு ஒட்டி ஒலிப்பதிவுக்கூடம் அமைத்துக் கணிப்பொறியோடு பழகியிருந்ததால் அல்லவா, 1992இல் ரோஜா வெளிவந்தபோது அந்த ஓசை நாட்டையே திரும்பிப் பார்க்கச் செய்தது? அவர் நிரல் எழுதினார் என்று நாம் கூறவில்லை. கருவியின் உள்ளறிந்து அதை ஆண்டார் என்கிறோம்.

தாமே நிரல் எழுதிய இசையமைப்பாளர் வேண்டுமென்றால் அமெரிக்காவின் லாரி ஸ்பீகல் அம்மையாரைக் காணுங்கள். இசை பயின்று, 1970களில் பெல் ஆய்வுக்கூடத்தில் கணிப்பொறியோடு உழைத்து, 1986இல் 'மியூசிக் மவுஸ்' என்னும் நிரலைத் தாமே எழுதினார். கெப்ளரின் கோள் இயக்கக் கணக்கை அவர் ஒலியாக்கிய வடிவம், 1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களின் தங்க முலாம் பூசிய தட்டில் இடம்பெற்றது. அதே தட்டில் நம் நாட்டுக் கேசர்பாய் கேர்கரின் பாட்டும் செல்கிறது. மரபிசையும் கணிப்பொறி இசையும் ஒரே பொன்தட்டில் அமர்ந்து பயணம் செய்யும்போது, தங்கவயலில் மட்டும் அவற்றிற்குத் தனித்தனிப் பந்தி ஏன்?

மறுப்புரைகளுக்கும் விடை கூறுவோம். "சாதகத்திற்கே நேரம் போதவில்லை, இதற்கு ஏது நேரம்?" என்பார் உளர். நியாயமான வினா. நாம் கேட்பது வாரத்திற்கு மூன்று நான்கு மணி நேரம். விரல் ஓய்ந்தபின், தொண்டை ஓய்ந்தபின் செய்யத்தக்க பணி இது. சாதக நேரத்தை நிரல் தின்னத் தொடங்கினால் அன்றே அதை மூடி வைக்க வேண்டும். இதில் நமக்கு ஐயமே இல்லை. பல மணி நேரம் கைப்பேசியில் பிறர் ஆட்டத்தைப் பார்த்துக் கழிக்கும் வீட்டில், இவ்வினா எழக் கூச்சப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே கூறுகிறோம்.

"பொறி வந்தால் கலைஞனின் பிழைப்புப் போகும்" என்பது மற்றொன்று. உண்மைதான், மின்னணுத் தம்புரா வந்தபின் தம்புராக் கலைஞர்க்கு மேடையில் இடம் குறைந்தது. இன்று சில சொற்களைத் தட்டினால் முழுப்பாட்டையே உருவாக்கித் தரும் பொறிகளும் வந்துவிட்டன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் பூனைக்கு உலகம் இருண்டுவிடுமா? அப்பொறி எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய மாட்டாது, எவருடைய பாட்டுகளைத் தின்று வளர்ந்தது என்பதைக் கேட்டறியும் இசைவாணனே தன் உரிமைக்காக வாதாட முடியும். அறியாதவன் அஞ்சுவான், அல்லது அடிபணிவான். வேறு வழி அவனுக்கில்லை.

"அப்படியானால் அதையே தொழிலாக்கிக்கொள்ளலாமே" என்பார் பெற்றோர். அன்பர்களே, அங்கேதான் தவறுகிறீர்கள். வேலையாகச் செய்யப்படும் நிரல் பிறர் வினாவிற்கு விடை தேடுவது, அதில் இழுக்கில்லை. இசைவாணன் தன் வீட்டில் எழுதும் நிரலோ தன் வினாவிற்குத் தானே விடை தேடுவது. எசமானன் இல்லை, கெடு இல்லை. பிழை நேர்ந்தால் சிரித்துக்கொண்டே திருத்தலாம். நூறு வரியில் எந்த ஒரு வரியில் பிழை என்று பொறுமையோடு தேடும் பழக்கம், ஒரு கீர்த்தனையில் எந்த ஒரு சங்கதி சறுக்குகிறது என்று தேடும் பழக்கத்தின் உடன்பிறப்பு. இது விருப்பக் கலையாக இருக்கும்வரைதான் இசைக்கு உரமாகும்.

நம் ஊர்ச் சுரங்கத்திலேயே இதற்கு ஓர் உவமை உண்டு. ஆழம் கூடக் கூட அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறிய கொடுமையை நம் குடும்பங்கள் அறியும். அதில் பலியானோர் இல்லாத தெரு நம்மிடையே அரிது. பாறையின் ஓசையைச் செவியால் அறிந்து விலகிய தொழிலாளரைப் பற்றி நம் முதியோர் கூறுவர். பிற்காலத்தில் பாறைக்குள் அதிர்வு உணரும் கருவிகள் பதிக்கப்பட்டன. ஒவ்வொரு கருவிக்கும் ஒலி வந்து சேர்ந்த நேர வேறுபாட்டைக் கொண்டு, வெடிப்பு எந்த இடத்தில் நேர்ந்தது என்று கணக்கிட்டனர். செவி முந்தியது, கணக்கு அதைத் தொடர்ந்தது, ஒன்றையொன்று பகைக்கவில்லை. மண்ணுக்கடியில் நாம் கற்ற பாடத்தை மண்ணுக்கு மேலே மறக்கலாமா?

ஆகவே தங்கவயல் தமிழ்க் குடும்பங்களின் முன் நாம் வைக்கும் கோரிக்கை மூன்றே. பெற்றோரே, இசையில் உறுதி கொண்ட பிள்ளையின் கருவியைப் பிடுங்காதீர். அதன் அருகே ஒரு பழைய கணிப்பொறியை வையுங்கள். ஆசிரியர்களே, மாணவன் நிரலில் கண்ட கோர்வையைக் கொண்டு வந்தால் முகம் சுளிக்காமல் தாளம் போட்டுக் கேளுங்கள். அழகில்லை என்றால் ஏன் இல்லை என்று கூறுங்கள். சங்கங்களை நடத்துவோரே, ஆண்டுக்கொரு விழாவும் மலரும் போதும் என்று இருந்துவிடாதீர். வாரத்தில் ஒரு மாலை உங்கள் கூடத்தை இப்பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். இசையும் நிரலும் அறிந்த ஒருவர், நாள்தோறும் ரயிலில் பெங்களூர் சென்று வருவோரிடையே நமக்குக் கிடைக்காமலா போவார்?

பாட்டன் தோண்டிய பொன் அவனுடையதாகவில்லை. பேரன் வாசிக்கும் இசையேனும் அவனுடையதாக இருக்கட்டும். அதற்குக் கையில் நாதம் வேண்டும். அந்த நாதத்தைத் தாங்கும் பொறியின் கணக்கும் கருத்தில் வேண்டும். இரண்டையும் தருவது நம் கடமை.